தக்கைக் காட்டில் ஆறு நாள்

ஞாயிறு மாலை வேன் வந்து நிற்கும்.
ஆறு பேர் இறங்குவார்கள்,
ஆளுக்கொரு பொய்யோடு.

படிவத்தில் மூன்று கட்டங்கள் வைத்திருக்கிறேன்:
புதிது, கொஞ்சம், நன்றாக.
புதிது என்றவர் பள்ளி நாளில் பரிசு வாங்கியிருப்பார்.
நன்றாக என்றவருக்குத்
தொப்பி மட்டும் நன்றாக மாட்டத் தெரியும்.
எனவே நான் படிவத்தைப் படிப்பதில்லை.
சாப்பாட்டு மேசையில்
சூப் கிண்ணத்தை எப்படித் தன்பக்கம் நகர்த்துகிறார்கள்,
அதைத்தான் பார்ப்பேன்.
வெடுக்கென்று இழுக்கிற கைக்கு
மெத்தென்ற வாயுள்ள குதிரையைத் தரமாட்டேன்.

இந்த வாரம்
வரி அலுவலகத்து ஜெல்மருக்குப் பொலோட்டா.
ஓக் விதை தின்று தின்று பீப்பாய் வயிறு அவளுக்கு.
அவள்மேல் உட்கார்வது
நாற்காலியில் உட்கார்வது போலத்தான்;
நாற்காலி இடையிடையே புல் மேயும்.
பிராகாவிலிருந்து வந்த அக்கா தங்கைக்கு
ஒன்றையொன்று கடித்துக்கொண்டே
பிரிய மறுக்கும் இரண்டு செவலைகள்.
ப்ரேமன் நகரத்து ஹெட்விக்,
ஐம்பத்தெட்டு வயது,
'நன்றாக' என்ற கட்டத்தில்
காகிதம் கிழிய ஒரு குறி.
அவளுக்குப் பாத்ரே:
கறுப்பு உடல், கழுத்தில் வெள்ளைப் பட்டை,
பூசைக்குத் தாமதமான பாதிரியின் நடை.

கிளை பிரியும் இடம்வரை பட்டை உரித்த மரங்கள்,
புதுப்புண் சிவப்பு.
ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண்.
வீட்டு எண்ணா என்றான் ஜெல்மர்.
உரித்த வருடத்தின் கடைசி இலக்கம்,
ஒன்பது வருடம் பொறுத்துத்தான் மறுபடி கத்தி, என்றேன்.
அன்று முழுக்க அவன் வாய்க்கணக்கு:
இரண்டு என்றால் முப்பத்தொன்று,
ஐந்து என்றால் முப்பத்து நான்கு.
கடிவாளம் கையில் இருப்பதையே மறந்துவிட்டான்.
பொலோட்டாவுக்கு அதுவே பிடித்திருந்தது.

புதன்கிழமை ஓடை.
அரளி பூத்த கரை, முழங்கால் ஆழம்.
பொலோட்டா இறங்கி, நடுவில் நின்று குடித்தாள்.
பாத்ரே மட்டும் கரையில்.
ஹெட்விக்கின் விரல்கள் சுண்ணாம்பு வெள்ளை.
நம்பி இறங்கு, இது மண்குதிரை இல்லை என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
தண்ணீரைப் பார்த்து, "முப்பத்தோரு வருஷம்" என்றாள்.
எங்கள் தொழிலில்
வருஷக்கணக்கு சொல்பவர்களிடம்
எந்த எலும்பு என்று கேட்பதில்லை.

பாத்ரேயின் ஒரு காது அவள் பக்கம்,
ஒரு காது ஓடைப் பக்கம்.
தீவனத்துக்கே காத்திருக்காதவன்
காத்திருந்தான்.
பிறகு அவள் இறங்கினாள்.
பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறும் சத்தம்,
அவள் தோளை ஒட்டி அவன் மூச்சு.
அக்கரையில் பாறைமேல் நின்று மறுபடி ஏறினாள்.
ஜெல்மர் அங்கவடியைப் பிடித்துக்கொண்டு
மர எண்களை ரொம்பக் கவனமாகப் படித்தான்.

அன்றிரவு பூண்டும் கொத்தமல்லியும் இட்ட ரொட்டிச் சூப்.
என் படிவத்தைத் தருகிறாயா என்றாள்,
ஒரு திருத்தம் இருக்கிறதாம்.
திங்களன்றே அதில் அடுப்பு மூட்டிவிட்டேன்.

வெள்ளியன்று சரிவில் பாய்ச்சல்.
தங்கை புல்லில் விழுந்தாள்.
கீழே தள்ளிய குதிரை குழியெல்லாம் பறிக்கவில்லை;
அவள் தொப்பிக்குப் பக்கத்திலேயே மேய்ந்தது.
அக்கா சிரித்து முடிக்கக் கால்மணி ஆனது.
ஹெட்விக் பாய்ந்தாளா?
முன்னால் போன எனக்குக் குளம்புச் சத்தம்தான் தெரியும்.
எண்ணிப் பார்க்கவில்லை.

இன்று சனி.
வேன் கிளப்பிய புழுதி அடங்குமுன்
சேணத்துணிகளைக் கம்பியில் போடுகிறேன்.
வியர்வை உப்பு காய்ந்த வரிகள்.
ஜெல்மருடையதில் நடுவே ஒரே கறை,
தூங்கியவனின் தலையணை போல.
ஹெட்விக்குடையதில்
இடப்பக்கமே அழுத்தம்,
திங்களின் உப்பு, செவ்வாயின் உப்பு.
வெள்ளியின் உப்பும் கொஞ்சம் இடப்பக்கம்தான்.

வேலியோரம் பாத்ரே.
வேன் போன திசையில் இல்லை
அவன் பார்வை.
என் கையிலிருக்கும் வாளியில்.